செங்கல்லில் யார் பெயர்?

அகந்தையைப் பற்றிய பிரசங்கம் யாரைப் பார்த்துச் செய்யப்படுகிறது என்று எப்போதாவது கவனித்திருக்கிறீர்களா நண்பர்களே?

போன மாதம் சித்தி வீட்டில் ஜெபக் கூட்டம். நான் ஜெபிக்கிற ஆள் இல்லை. சித்தி கூப்பிட்டார், தட்ட முடியவில்லை, போனேன். வந்திருந்த போதகர் நேபுகாத்நேச்சார் புல் தின்ற கதையை எடுத்தார். நன்றாகத்தான் பேசினார். நினிவே விழுந்தது, பாபிலோன் விழுந்தது, ரோம் விழுந்தது, இன்றைய வல்லரசுகளும் விழும் என்றார். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். முடிக்கும்போது குரலைக் கொஞ்சம் இறக்கி, "நம்ம பிள்ளைங்களுக்கும் இப்ப அகந்தை வந்திருச்சு. பைக் வாங்கிட்டாங்க, வெள்ளைச் சட்டை போட்டுட்டாங்க, பெரியவங்களைக் கண்டா எந்திரிக்கிறதில்லை" என்றார். பின்னால் நின்றிருந்த பையன், எங்கள் தெருவிலிருந்து முதல்முதலாகப் பொறியியல் படித்தவன், தலையைக் குனிந்துகொண்டான்.

பாபிலோன் சக்கரவர்த்தியிடம் தொடங்கிய பிரசங்கம், மாதத் தவணையில் வாங்கிய ஒரு பைக்கில் வந்து முடிந்தது!

இது அந்தப் போதகரின் தனிப்பட்ட குற்றம் அல்ல. நம் மொழியே அப்படித்தான் பழக்கப்பட்டிருக்கிறது. ஊருக்குள் ஒருவர் மீசையை முறுக்கினால் அது பெருமை. சேரியில் ஒருவன் அதையே செய்தால் திமிர், கொழுப்பு. செருப்புப் போட்டு நடந்தால் திமிர், சைக்கிளை விட்டு இறங்காமல் போனால் திமிர், கூலியைக் கேட்டால் திமிர். தமிழ் வேதாகமத்தில் 'மேட்டிமை' என்றொரு சொல் அடிக்கடி வரும். அந்தச் சொல்லுக்குள்ளேயே மேடு இருக்கிறது. பள்ளத்தில் நிறுத்தி வைக்கப்பட்டவனுக்கு அதை எப்படிப் பொருத்துவீர்கள்?

அதனால் பழைய ஏற்பாட்டை எடுத்து மறுபடி படித்தேன். வல்லரசுகளின் அகந்தை என்று அது எதைச் சொல்கிறது என்று தேடினேன். கைக்கு முதலில் அகப்பட்டது செங்கல்.

ஆதியாகமம் 11. சிநெயார் சமவெளியில் கூடியவர்கள் கல்லுக்குப் பதில் செங்கல்லையும், சாந்துக்குப் பதில் நிலக்கீலையும் வைத்துக் கோபுரம் கட்டத் தொடங்குகிறார்கள். எதற்கு? தங்களுக்கு ஒரு பெயர் உண்டாக்கிக்கொள்ள. அந்தக் கதையில் கோபுரத்தின் உயரம் எத்தனை முழம் என்று இல்லை. செங்கல் சுட்ட செய்தி இருக்கிறது.

அடுத்து யாத்திராகமம் 5. (கத்தோலிக்க, புரொட்டஸ்டன்ட் சபைகள் சேர்ந்து கொண்டுவந்த பொது மொழிபெயர்ப்பில் இந்த நூலுக்கு 'விடுதலைப் பயணம்' என்று பெயர். பெயரை மாற்றியவர்களுக்கு நன்றி. வெறும் யாத்திரைக்கும் விடுதலைக்கும் வித்தியாசம் இருக்கிறது.) மோசேயும் ஆரோனும் பார்வோனிடம் போய், மக்களுக்கு மூன்று நாள் விடுப்பு கேட்கிறார்கள். பார்வோன் சொல்கிற பதிலைக் கவனியுங்கள். இவர்கள் சோம்பேறிகள், அதனால்தான் இப்படிக் கேட்கிறார்கள் என்கிறான். இனிமேல் வைக்கோல் கொடுக்கப்பட மாட்டாது, அவர்களே பொறுக்கிக்கொள்ள வேண்டும், ஆனால் செங்கல் எண்ணிக்கையில் ஒன்றுகூடக் குறையக் கூடாது என்று உத்தரவு போடுகிறான்.

உலகத்தின் மிகப் பெரிய அரசு அடிமையைப் பார்த்துச் சோம்பேறி என்கிறது. நாள் முழுக்கச் சேற்றில் நிற்பவன் சோம்பேறி. நிழலில் உட்கார்ந்து எண்ணுகிறவன் உழைப்பாளி.

செங்கல் சூளையில் வேலை செய்தவர்களுக்கு இந்த அதிகாரத்தை விளக்க வேண்டியதே இல்லை. முன்பணம் கொடுத்துக் குடும்பத்தையே கூட்டிப் போவார்கள். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கணக்கு. மழை பெய்து பச்சைக்கல் கரைந்தால் அந்த நட்டம் அறுத்தவன் தலையில். பிள்ளைகள் கல்லைத் திருப்பிப் போட்டுக் காய வைக்கும். கணக்கு நோட்டில் அந்தப் பிள்ளைகளின் பெயர் இருக்காது, அப்பன் பெயர் மட்டும் இருக்கும். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976இல். அதற்குப் பிறகும் சூளைகளிலிருந்து ஆட்களை மீட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.

அதே அதிகாரத்தில் இன்னொன்றும் இருக்கிறது. அதை எந்தப் பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை. எகிப்திய ஆளோட்டிகளுக்குக் கீழே, இஸ்ரவேலருக்குள்ளிருந்தே கங்காணிகளை வைத்திருந்தார்கள். எண்ணிக்கை குறைந்தபோது அடி வாங்கியது அந்தக் கங்காணிகள். அவர்கள் நேரே பார்வோனிடம் போய் முறையிடுகிறார்கள், அவன் விரட்டுகிறான். வெளியே வந்து யார் மேல் பாய்கிறார்கள் தெரியுமா? மோசே மேல். உங்களால்தான் ராஜாவிடம் எங்கள் பெயர் நாறிப் போயிற்று என்கிறார்கள். இயக்க வேலையில் பத்து வருடம் இருந்த எவருக்கும் இந்த வசனம் புதிதாக இருக்காது.

இப்போது நேபுகாத்நேச்சாருக்கு வருவோம். கி.மு. 605 முதல் 562 வரை பாபிலோனை ஆண்டவன். எருசலேமை இடித்து, கோயிலைக் கொளுத்தி, மக்களை நாடு கடத்தியவன். அவன் கட்டிய கட்டடங்களின் செங்கற்கள் இன்றும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. ஆயிரக்கணக்கான கற்களில் அவன் பெயரும் பட்டமும் முத்திரையாகக் குத்தப்பட்டிருக்கின்றன. கோபுரம் கட்டத் தன் ஆட்சிக்குட்பட்ட தேசங்களிலிருந்தெல்லாம் ஆட்களைத் திரட்டியதாக அவனுடைய சாசனங்களே பெருமையடிக்கின்றன. மிதித்த கால்கள் ஆயிரம், முத்திரை ஒன்று.

தானியேல் 4இல் இந்த ராஜா ஒரு கனவு காண்கிறான். வானத்தைத் தொடும் மரம் ஒன்று வெட்டப்படுகிறது. அந்த மரம் நீதான் என்று தானியேல் சொல்லிவிட்டு, ஓர் ஆலோசனையும் சொல்கிறான். 27ஆம் வசனம். போதகர் தாண்டிப் போனது இந்த வசனத்தைத்தான். தானியேல் ராஜாவிடம் முழங்காலில் நில் என்று சொல்லவில்லை, உபவாசம் இரு என்று சொல்லவில்லை, தாழ்மையாகப் பேசப் பழகிக்கொள் என்றும் சொல்லவில்லை. நீதி செய், சிறுமைப்பட்டவர்களுக்கு இரங்கு, ஒருவேளை உன் வாழ்வு நீடிக்கலாம் என்கிறான். அகந்தை என்ற நோய்க்கு அந்தப் புத்தகம் எழுதிக் கொடுக்கிற மருந்துச் சீட்டு இதுதான்.

ராஜாவுக்குப் பன்னிரண்டு மாத அவகாசம் கிடைக்கிறது. ஒரு முழு வருடம். அவன் ஒன்றும் செய்யவில்லை. வருடம் முடிந்து அரண்மனை மேல் உலாவிக்கொண்டே, இந்த மகா பாபிலோனை என் வல்லமையால் நான் கட்டினேன் அல்லவா என்று சொல்லி வாய் மூடுவதற்குள் தீர்ப்பு வந்துவிடுகிறது. 'நான் கட்டினேன்'. அந்த ஒரு வாக்கியம்தான் குற்றப்பத்திரிகை.

இது தானியேலில் மட்டும் இல்லை. எசேக்கியேல் 29இல் பார்வோன், நைல் நதி என்னுடையது, அதை நானே உண்டாக்கினேன் என்கிறான். ஏசாயா 10இல் அசீரிய ராஜா, என் கைப் பலத்தால் செய்தேன் என்று சொல்லி, கூட்டிலிருந்து முட்டை எடுப்பதுபோல் தேசங்களை வாரிக்கொண்டேன் என்று எக்களிக்கிறான். அதற்கு ஏசாயா, வெட்டுகிறவனைப் பார்த்துக் கோடாலி மேன்மை பாராட்டலாமா என்று கேட்கிறார். மூன்று வல்லரசுகள், மூன்று தீர்க்கதரிசிகள், குற்றம் ஒன்றே. அடுத்தவன் உழைப்பிலும் மண்ணிலும் தன் பெயரைக் குத்திக்கொள்வது. தலையை நிமிர்த்தி நடப்பதை இவர்கள் யாரும் அகந்தை என்று சொல்லவில்லை.

சோதோமைப் பற்றி நம் மேடைகளில் என்ன பேசுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். எசேக்கியேல் 16:49ஐ எடுத்துப் பாருங்கள். சோதோமின் அக்கிரமம் எது என்று அவரே பட்டியல் தருகிறார். கர்வம், வயிறு நிறைய ஆகாரம், கவலையில்லாத சுகவாழ்வு, இவ்வளவும் இருந்தும் ஏழைக்குக் கை கொடுக்காதது. அடுத்த வசனத்தில் மேட்டிமையும் அருவருப்பும் வருகின்றன. ஆனால் முதலில் வருவது சோற்றுக் கணக்கு.

பாபிலோன் கி.மு. 539இல் கோரேசிடம் விழுந்தது. ஆனால் அந்த மண்மேட்டின் கதை அங்கே முடியவில்லை. 1980களில், ஈரானோடு போர் நடந்துகொண்டிருந்தபோதே, சதாம் உசேன் நேபுகாத்நேச்சாரின் அரண்மனையைப் பழைய அடித்தளத்தின் மேலேயே திரும்பக் கட்டினார். பழைய சக்கரவர்த்தி செய்ததைப் போலவே செங்கற்களில் தன் பெயரையும் பொறித்துக்கொண்டார். பக்கத்தில் மேடு எழுப்பி, இடிபாடுகளைப் பார்த்தபடி தனக்கொரு மாளிகையும் கட்டிக்கொண்டார். 2003இல் அமெரிக்கப் படை வந்தது. சதாம் பிடிபட்டு, 2006 டிசம்பரில் தூக்கிலிடப்பட்டார்.

வந்தவர்கள் என்ன செய்தார்கள்? அதே பாபிலோனில் ராணுவ முகாம் போட்டார்கள். அமெரிக்கப் படையும் பின்பு போலந்துப் படையும் 2004 கடைசி வரை அங்கே இருந்தன. பிரிட்டிஷ் அருங்காட்சியகம் 2005இல் வெளியிட்ட அறிக்கையைப் படித்தால் மனம் பதறும். 2,600 ஆண்டுப் பழமையான செங்கல் நடைபாதை ராணுவ வண்டிகளின் எடையில் நொறுங்கியது. பதுங்குகுழிகள் தோண்டப்பட்டன. தொல்பொருள் புதைந்திருந்த மண்ணை அள்ளி மணல் மூட்டைகளில் நிரப்பினார்கள். இஷ்தார் வாசலின் செங்கல் உருவங்கள் சேதமடைந்தன. மூன்று வல்லமைகள், ஒரே மண்மேடு. பைபிளில் கைவைத்துச் சத்தியம் செய்து பதவி ஏற்ற ஒருவரின் படை, பைபிளில் அகந்தைக்கு அடையாளமாக நிற்கிற ஊரின் மேல் டாங்கியை ஓட்டியது. அவர்களில் ஒருவருக்காவது தானியேல் 4 நினைவுக்கு வந்திருக்குமா?

அமெரிக்கா விழுந்துவிட்டதா என்றால் இல்லை. விழும் தேதியைக் கணக்குப் போட்டுச் சொல்கிற ஆட்கள் யூடியூபில் நிறைய இருக்கிறார்கள், அங்கே போய்க் கேளுங்கள். எனக்கு அதில் ஆர்வமில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

வல்லரசு விழுவதும் அடிமை விடுதலையாவதும் ஒன்றல்ல. பாபிலோனில் எகிபி என்றொரு வணிகக் குடும்பம் இருந்தது. நிலம், கடன், அடிமை வியாபாரம் எல்லாம் செய்தவர்கள். களிமண் பலகைகளில் எழுதிய அவர்களுடைய கணக்குகள் கிடைத்திருக்கின்றன. நேபுகாத்நேச்சார் காலத்தில் வியாபாரம் செய்தார்கள். பாபிலோன் விழுந்து பாரசீகர் வந்த பிறகும் பல பத்தாண்டுகள் அதே வியாபாரத்தைச் செய்தார்கள். விற்கப்பட்டவனுக்குத் தேதியில் எழுதப்படும் ராஜாவின் பெயர் மாறியது, அவ்வளவுதான். நினிவே கி.மு. 612இல் அழிந்தது. கி.மு. 401இல் செனபோன் என்ற கிரேக்கர் படையோடு அந்த இடிபாடுகளைக் கடந்து போகிறார். அது நினிவே என்றே அவருக்குத் தெரியவில்லை. பேரரசின் பெயர் அப்படி அழிந்தது. அதன் கூலிக் கணக்கை யாராவது தீர்த்தார்களா? எனவே, அவர்கள் விழுவார்கள் என்று ஆமென் சொல்லிவிட்டுக் காத்திருப்பதில் நமக்கு ஒரு லாபமும் இல்லை.

இதைவிடக் கசப்பான பாடம் ஒன்று அந்தப் புத்தகத்தில் இருக்கிறது. நம்மவர்கள் கட்டாயம் படிக்க வேண்டியது. எகிப்தின் சேற்றிலிருந்து தப்பி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் ராஜ்யம் அமைத்தார்கள். சாலொமோன் கோயில் கட்டினான், ஏழு ஆண்டுகள். தன் அரண்மனையைக் கட்டினான், பதின்மூன்று ஆண்டுகள். (யாருக்கு எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.) இஸ்ரவேலிலிருந்து 30,000 பேரை வெட்டி வேலைக்குப் பிடித்து, மாதம் 10,000 பேராக லீபனோனுக்கு அனுப்பினான். சுமை தூக்க 70,000 பேர், மலையில் கல் வெட்ட 80,000 பேர். 1 இராஜாக்கள் 5ஆம் அதிகாரம் இதை ஒளிவுமறைவில்லாமல் எழுதி வைத்திருக்கிறது. 9ஆம் அதிகாரத்தில் அவன் கட்டிய பண்டசாலைப் பட்டணங்கள் வருகின்றன. எபிரேய மூலத்தில், பார்வோனுக்காக அடிமைகள் கட்டிய பண்டசாலைப் பட்டணங்களுக்கு யாத்திராகமத்தில் என்ன சொல்லோ, அதே சொல்தான் இங்கும். எழுதியவர் தெரியாமல் எழுதியிருப்பார் என்று நான் நினைக்கவில்லை.

சாலொமோன் செத்தான். ஜனங்கள் மகன் ரெகொபெயாமிடம் வந்து, உங்கள் அப்பா வைத்த நுகத்தைக் கொஞ்சம் இலகுவாக்குங்கள், உங்களுக்கு உழைக்கிறோம் என்று கேட்டார்கள். விழுத்தாட்டக் கேட்கவில்லை, குறைக்கத்தான் கேட்டார்கள். முதியவர்கள், இன்றைக்கு நீ இந்த ஜனங்களுக்கு வேலைக்காரனாயிரு என்று புத்தி சொன்னார்கள். அவன் கூட வளர்ந்த வாலிபர்களின் பேச்சைக் கேட்டான். என் அப்பா சாட்டையால் அடித்தார், நான் தேளால் தண்டிப்பேன் என்று பதில் சொன்னான். பத்துக் கோத்திரங்கள் எழுந்து போய்விட்டன. அவர்களைச் சமாதானப்படுத்த அவன் யாரை அனுப்பினான்? வெட்டி வேலைக்குப் பொறுப்பாயிருந்த அதோராமை! ஜனங்கள் அவனைக் கல்லெறிந்து கொன்றார்கள். ராஜ்யம் இரண்டாயிற்று, திரும்ப ஒன்று சேரவே இல்லை. வடக்கை அசீரியா விழுங்கியது, தெற்கைப் பாபிலோன்.

நாம் ஒருமுறை அடிமையாயிருந்தோம் என்பது நம்மைத் தானாக நல்லவர்களாக்கிவிடாது. நம்மில் சிலர் நாற்காலி கிடைத்ததும் வீட்டு வேலைக்கு வரும் அம்மாவைத் தரையில் உட்கார வைப்பதை நான் பார்த்திருக்கிறேன். நம் உட்சாதிகளுக்குள் யார் மேல், யார் கீழ் என்று பேசுவதையும் கேட்டிருக்கிறேன். தூய்மைப் பணிக்கு வரும் அருந்ததியத் தோழர்களிடம் கேளுங்கள், மற்ற கதைகளையும் சொல்வார்கள். ரெகொபெயாம் அரண்மனையில்தான் இருக்க வேண்டும் என்றில்லை.

ஆமோஸ் இதைப் புரிந்தவர். ஆடு மேய்த்து, காட்டத்தி மரத்தில் வேலை செய்த ஆள். தமஸ்கு, காசா, தீரு, ஏதோம், அம்மோன், மோவாப் என்று சுற்றியிருக்கும் எதிரிகளை ஒவ்வொன்றாகச் சாடுகிறார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் கைதட்டியிருப்பார்கள். காசாவும் தீருவும் செய்த குற்றமாக அவர் சொல்வது, சிறைப்பட்டவர்களைக் கூட்டமாக விற்றது. அடுத்து யூதா, கடைசியில் கேட்டுக்கொண்டிருந்த இஸ்ரவேல். ஏழையை ஒரு ஜோடி செருப்புக்கு விற்றீர்கள் என்கிறார். செருப்புப் போட்டதற்காக அடி வாங்கியவர்கள் வாழும் மண்ணில் இந்த வசனத்துக்கு வேறு கனம் உண்டு. 9ஆம் அதிகாரத்தில் இன்னும் ஒரு படி போகிறார். உங்களை எகிப்திலிருந்து கொண்டுவந்ததுபோல் பெலிஸ்தரையும் சீரியரையும்கூட வேறிடங்களிலிருந்து கொண்டுவந்தவர்தான் உங்கள் கடவுள், எத்தியோப்பியரும் நீங்களும் அவருக்கு ஒன்றுதான் என்கிறார். பிறப்பால் வந்த பெருமையை இப்படி நடுத்தெருவில் போட்டு உடைத்தார். பெத்தேலின் பூசாரி அவரிடம், இது ராஜாவின் கோயில், வேறு ஊருக்குப் போய்ப் பிழைத்துக்கொள் என்று சொன்னதில் ஆச்சரியமென்ன?

இந்தப் புத்தகத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்று எஜமானர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. 1807இல் லண்டனில், பிரிட்டிஷ் மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்கென்று ஒரு வேதாகமம் அச்சிட்டார்கள். அடிமைகளுக்குத் தேர்ந்தெடுத்த பகுதிகள் என்று பெயர். பழைய ஏற்பாட்டில் பெரும்பகுதி அதில் இல்லை. மோசே மக்களை எகிப்திலிருந்து அழைத்துப் போகும் கதை இல்லை. யோசேப்பு எகிப்தில் நல்ல வேலைக்காரனாக இருந்த கதை மட்டும் இருந்தது. கத்தரிக்கோல் எந்த இடத்தில் வைக்கப்பட்டது என்று பார்த்தாலே போதும், பெரிய வியாக்கியானங்கள் தேவையில்லை.

கத்தரித்தும் பயனில்லை. அடிமையாகப் பிறந்து தப்பி வந்த பிரெடரிக் டக்ளஸ், 1852 ஜூலை 5 அன்று ராச்செஸ்டர் நகரில் வெள்ளையர் நிறைந்த கூட்டத்தில் சுதந்திர தின உரை ஆற்றினார். உங்கள் சுதந்திர தினம் அடிமைக்கு என்ன என்று கேட்டார். பாபிலோன் ஆற்றங்கரையில் அழுதவர்களின் 137ஆம் சங்கீதத்தை எடுத்து வைத்து, வானளவு உயர்ந்த அக்கிரமத்தால் தரைமட்டமான ஒரு தேசத்தை நீங்களும் பின்பற்றாதீர்கள் என்று எச்சரித்தார். நேபுகாத்நேச்சாருக்குப் பன்னிரண்டு மாதம் என்றால் இவர்களுக்கு ஒன்பது வருடம். 1861இல் உள்நாட்டுப் போர், ஆறு லட்சத்துக்கும் மேல் சாவு. அடிமைமுறை ஒழிந்த செய்தி கடல் தாண்டி இங்கும் வந்தது. 1873இல் ஜோதிராவ் புலே தன் 'குலாம்கிரி' நூலை, அடிமை விடுதலைக்காகத் தியாகம் செய்த அமெரிக்க நல்லோருக்குக் காணிக்கையாக்கினார். அகந்தையைப் பற்றி அவரிடம் யாராவது பிரசங்கம் செய்திருந்தால் என்ன பதில் வந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன், சிரிப்பு வருகிறது.

வெளிப்படுத்தல் 18இல், ரோமுக்குப் பாபிலோன் என்று பட்டப்பெயர் வைத்து அதன் சரக்குப் பட்டியலை எழுதியிருக்கிறார்கள். பொன், வெள்ளி, முத்து, பட்டு, தந்தம், கோதுமை, ஆடு, மாடு, குதிரை, தேர் என்று போகிறது. எல்லாவற்றுக்கும் கடைசியில் மனிதர்கள், சரக்காக. வியாபாரிகள் கரையில் நின்று அழுவது சரக்கை வாங்க ஆளில்லை என்பதற்காக. பட்டியலின் கடைசி வரியில் இருந்தவர்கள் அழுததாக அதில் ஒரு வார்த்தையும் இல்லை.

நேற்று சித்தி போன் செய்தார். அடுத்த கூட்டம் அந்தப் பையன் வீட்டிலாம். வேத வாசிப்புக்கு ஆள் வேண்டும், நீயே வாசி என்கிறார். சரி என்றேன். தானியேல் 4, 27ஆம் வசனத்திலிருந்து தொடங்குவதாகச் சொல்லியிருக்கிறேன். அதே போதகர்தான் வருகிறாராம்.